யாரு வீட்டு மரக்கால்?

1

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பத்து மணிக்கு மேல் போனால் நடக்க முடியாது, நகரத்தான் முடியும். பழைய டிரங்க் ரோட்டின் ஓரம் முழுக்கச் செடி, மீன்தொட்டி, புறாக்கூண்டு, ஓடாத மிக்ஸி, ஜோடி இல்லாத ஷூ, யாரோ ஒருவருடைய பட்டமளிப்பு விழா போட்டோ. சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே ஒரு தார்ப்பாயின் மேல் மரக்கால் ஒன்று இருந்தது. மரத்தில் கடைந்தது. வாயிலும் அடியிலும் இரும்புப் பட்டை. உள்பக்கம் தானியம் உரசி உரசிக் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது.

"செட்டிநாட்டு ஐட்டம் தம்பி. நூறு வருசம் இருக்கும். உள்ள ஒரு பல்பு போட்டு வைங்க, ஹால்ல சும்மா அள்ளும்" என்றார் கடைக்காரர்.

"யாருகிட்டண்ணா வாங்குனீங்க?"

"லோடுல வந்துச்சு."

அன்றைக்கு ராத்திரியே ஒரு கட்டுரையை ஆரம்பித்துவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். ஆயா களத்து மேட்டில் நெல் தூற்றுகிற சித்திரம், மரக்காலின் வாசனை, இழந்துபோன கிராமம் என்று அறுநூறு வார்த்தை ஒரே மூச்சில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பதிவேற்றியிருந்தால் நிறைய பேர் இதயம் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டுரையை நான் முடிக்கவில்லை. ஏன் முடிக்க முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது அந்த ஒரு கட்டுரையைப் பற்றியது மட்டும் அல்ல. பழம்பொருள் சந்தைகளைப் பற்றி நாம் இணையத்தில் எழுதிக் குவிக்கிற ஒரு வகை எழுத்தைப் பற்றியது. நானும் அந்த வகையில் இரண்டு எழுதியவன் என்பதால் குற்றப்பத்திரிகையில் என் பெயரும் உண்டு.

2

இந்த வகை எழுத்துக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதல் பத்தியில் வெயிலும் கூட்டமும். இரண்டாவது பத்தியில் ஒரு பொருள் கண்ணில் படும்: அஞ்சறைப்பெட்டி, கிராமபோன், அரிக்கேன் விளக்கு. மூன்றாவது பத்தியில் பாட்டி வருவார். நான்காவது பத்தியில் பிளாஸ்டிக்கும் ஆன்லைன் கடைகளும் திட்டு வாங்கும். கடைசியில் எழுதியவர் அந்தப் பொருளைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, காலத்தையே கையில் ஏந்திய மாதிரி வீடு திரும்புவார்.

இந்த வாய்ப்பாட்டுக்கு நம் ஊரில் ஒரு தலைநகரமும் உண்டு. மூர் மார்க்கெட். சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரில் கட்டப்பட்டு, 1900இல் திறக்கப்பட்டு, 1985 மே 30 அன்று தீயில் போனது. அந்த இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மூர் மார்க்கெட்டைப் பற்றி உருகி எழுதுகிற என் வயசுக்காரர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. நாமெல்லாம் 1985க்கு அப்புறம் பிறந்தவர்கள். பார்க்காத மார்க்கெட்டை இழந்ததாகச் சொல்லி வருத்தப்படுகிறோம். அதில் தப்பில்லை, இலக்கியம் பாதிக்குப் பாதி அதுதான். ஆனால் அந்த வருத்தம் கடைக்குள் பொருள் எப்படி வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. ஒரு மனிதர் தன் புத்தகங்களை ஏன் விற்கிறார்? செத்துப் போனார், வாரிசுக்குத் தேவையில்லை. வாடகை பாக்கி. பாகப் பிரிவினை. மகளுக்குக் கல்யாணம். ஒவ்வொரு பழைய பொருளுக்குப் பின்னாலும் இப்படி ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. நம் கட்டுரைகளில் அந்த வாக்கியத்துக்குப் பதிலாக 'லோடுல வந்துச்சு'தான் இருக்கிறது.

பல்லாவரத்துக்கு இன்னொரு பழம்பெருமையும் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற புவியியலாளர் அங்கே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவிகளில் ஒன்று அது. மூர் மார்க்கெட் எரிந்த அதே தேதி என்பது வெறும் தற்செயல். தற்செயல் அல்லாத ஒன்று இருக்கிறது. ஃபூட் கல்லை எடுத்ததோடு நிற்கவில்லை. எந்த இடம், எந்த மண், எந்தச் செம்மண் சரளைக்கு நடுவே என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது ஒரு கூழாங்கல், அவ்வளவுதான்.

3

எங்கள் ஊரில் சந்தை சைக்கிளில் வரும். "பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்" என்று ஒரு குரல் தெருமுனையில் கேட்டதும் சின்னப் பிள்ளைகள் வீட்டில் எதைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று தேட ஆரம்பிப்போம். பிறகு பேரீச்சம்பழம் போய் பிளாஸ்டிக் குடம் வந்தது. அப்புறம் ரொக்கம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை: கொக்கித் தராசு. பொருள் என்ன, யார் செய்தது, எத்தனை தலைமுறை என்பதெல்லாம் அந்தத் தராசுக்குக் கிடையாது. வெண்கல உருளியும் ஒரு எடை, உடைந்த குழாயும் ஒரு எடை.

அதே உருளி காயலாங்கடையிலிருந்து லாரி ஏறி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி ஒரு இடத்துக்கோ, பெருநகரத்து ஷோரூமுக்கோ போய்ச் சேரும்போது தராசு காணாமல் போய்விடுகிறது. அங்கே பொருளுக்கு வயசு பார்க்கிறார்கள். ஊரில் எடைக்கு வாங்கி நகரத்தில் வயசுக்கு விற்பது: பழம்பொருள் வியாபாரத்தின் லாபம் மொத்தமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எடையை வயசாக மாற்றுவது எது? ஒரு கதை. 'செட்டிநாடு', 'நூறு வருசம்', 'பாட்டி காலத்து'. அந்தக் கதையை எழுதிக் கொடுப்பது யார்? நாம்தான். கடைக்காரர் ஒரு வரியில் சொன்னதை நாம் ரெண்டாயிரம் வார்த்தையில் சொல்கிறோம், காசு வாங்காமல். நம் நினைவேக்கக் கட்டுரைகள் சந்தையைப் பற்றிய விமர்சனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவை சந்தையின் விளம்பரப் பிரிவு. பிளாஸ்டிக்கைத் திட்டுகிற அந்த நான்காவது பத்திகூடப் பித்தளையின் விலையைத்தான் ஏற்றுகிறது.

4

இப்படி எழுத நமக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? நம் தலைமுறையில் இதற்கு இரண்டு குருமார்கள்: வால்டர் பெஞ்சமினும் ஓரான் பாமுக்கும். இருவரையும் நாம் பாதி மட்டும் படித்திருக்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

பெஞ்சமின் 1931இல் தன் நூலகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதிய கட்டுரை சேகரிப்பாளர்களின் வேதம். ஒரு பொருளின் காலம், ஊர், செய்நேர்த்தி, அதற்கு முன் வைத்திருந்தவர் என எல்லாம் சேர்ந்து சேகரிப்பாளர் கையில் ஒரு மாயக் களஞ்சியமாகிவிடுகிறது என்கிற பொருளில் அதில் எழுதுகிறார். முன் வைத்திருந்தவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்தான். ஆனால் பொருளுக்கு ஒளி கூட்டுகிற ஒரு விவரமாக மட்டும். இதே பெஞ்சமின், சாவதற்குச் சற்று முன், 1940இல் வரலாறு பற்றி எழுதிய குறிப்புகளில் வேறு ஒரு ஆளாக இருக்கிறார். பண்பாட்டுச் செல்வம் என்று நாம் கொண்டாடுவதையெல்லாம் பெயரற்றவர்களின் கட்டாய உழைப்பையும் அவர்கள் பட்ட கொடுமையையும் நினைக்காமல் பார்க்க முடியாது என்பது அங்கே அவருடைய நிலைப்பாடு. முதல் பெஞ்சமினை நாம் இன்ஸ்டாகிராமுக்கு எடுத்துக்கொண்டோம். இரண்டாவது பெஞ்சமினை முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு ஒதுக்கிவிட்டோம்.

பாமுக்கின் விஷயம் இன்னும் சுவாரசியம். 2008இல் 'மாசற்ற கன்னிமையின் அருங்காட்சியகம்' என்று தமிழில் சொல்லக்கூடிய நாவல். 2012இல் அதே பெயரில் இஸ்தான்புல்லில், பழம்பொருள் கடைகள் நிறைந்த சுகுர்சுமா பகுதியில், ஒரு நிஜமான அருங்காட்சியகம். நாவலில் கெமால், தான் நேசிக்கும் ஃபியூசுன் தொட்ட பொருட்களைச் சேர்க்கிறான். அவள் பிடித்துப்போட்ட 4,213 சிகரெட் துண்டுகள் அந்த அருங்காட்சியகச் சுவரில் இருக்கின்றன. எல்லோரும் இதைக் காதலின் உச்சம் என்று எழுதுகிறோம். ஆனால் நாவலைத் திறந்து பாருங்கள். கெமால் அவளுடைய வீட்டுக்கு வருடக்கணக்கில் ராச்சாப்பாட்டுக்குப் போகிறான். போகும்போதெல்லாம் உப்புக்குப்பியையோ பீங்கான் நாயையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறான். பணக்கார வீட்டுப் பையன், தன்னைவிட வசதி குறைந்த சொந்தக்கார வீட்டில் திருடுகிறான். அந்த வீட்டாருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்கள். அந்த மௌனம்தான் நாவலின் முதுகெலும்பு. சேகரிப்பவன் திருடன் என்று பாமுக்குக்குத் தெரியும். நம் கட்டுரைகள் அருங்காட்சியகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திருட்டை விட்டுவிட்டன. விளைவு, நம்மிடம் பாமுக்கின் அலங்காரம் இருக்கிறது, அவருடைய குற்றவுணர்ச்சி இல்லை.

5

மரக்காலுக்கு வருகிறேன்.

பழைய கணக்கில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இது புத்தகக் கணக்கு. நடைமுறையில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. சோழர் கல்வெட்டுகளிலேயே ராஜகேசரி, ஆடவல்லான் என்று மரக்காலுக்குப் பெயர் இருக்கிறது. எந்த மரக்காலால் அளப்பது என்பது அன்றைக்கே ஒரு பிரச்சனையாக இருந்திருக்கிறது. 1956இல் மத்திய அரசு மெட்ரிக் அளவைச் சட்டம் கொண்டுவந்தது. 1960களின் தொடக்கத்தில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. கடைவீதியில் மரக்காலுக்கும் படிக்கும் மரியாதை போனது. களத்தில் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் நீடித்தன. இன்றைக்குச் சந்தைகளில் இத்தனை படிகளும் மரக்கால்களும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சட்டம் அவற்றின் வேலையைப் பறித்தது.

கட்டுரையில் இந்த இடம் வந்ததும் ஒரு சந்தேகம் கேட்க அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, ஆயாகிட்ட இருந்த மரக்காலு இப்ப எங்க இருக்குது?"

"எந்த மரக்காலு?"

"நெல்லு அளக்குறது."

"ஆயாகிட்ட ஏதுடா மரக்காலு? நம்மூட்டுல படிதான் இருந்துச்சு. அதுவும் தகரப் படி. மரக்காலு களத்துக்காரங்க வூட்டுல இருக்கும். நாங்க முந்தானைய விரிப்போம், அவங்க அளந்து போடுவாங்க."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. அம்மாவே தொடர்ந்தார்.

"கூலி போடறப்ப தலை தட்டி அளப்பாங்க. கடனுக்கு வாங்குன நெல்லத் திருப்பிக் குடுக்கறப்ப கோபுரமா அளக்கணும். ஒங்க ஆயா அதப் பாத்துக்கிட்டே நிப்பா. வாயத் தொறக்க மாட்டா. ஊட்டுக்கு வந்து எங்கள அடிப்பா."

என் அறுநூறு வார்த்தைகளும் அந்த இடத்தில் செத்துப்போயின. ஆயாவின் கையில் நான் கொடுத்திருந்த மரக்கால் ஆயாவை ஏமாற்றிய மரக்கால். தார்ப்பாய் மேல் பார்த்த அந்த வழவழப்பு, தலை தட்டுகிற கை போய்ப் போய் வந்த வழவழப்பு. நான் அதைப் பாசம் என்று எழுதியிருந்தேன்.

எனக்கு இந்த அதிர்ச்சி வந்திருக்கவே கூடாது. ஏனென்றால் இது எங்கள் பக்கத்து இலக்கியத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. ஊருக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம், களத்திலும் வாசலிலும் தானியத்துக்காக நிற்பவள். அந்த நாவலில் தானியம் எவ்வளவு விழுகிறது என்பது ஒரு குடும்பத்தின் உயிர்ப் பிரச்சனை. வருசத்துக்கு வருசம் அது குறைவதுதான் கதையின் நகர்வே. அந்த நாவலில் ஒரு பழைய பொருள்கூட 'அழகாக' இல்லை. ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார், அல்லது கொடுக்காமல் இருக்கிறார். நான் அதை மூன்று தடவை படித்திருக்கிறேன். படித்துவிட்டும் மரக்காலுக்குள் பல்பு போட நினைத்தேன். நல்ல வாசிப்பு நம்மைத் தானாகவே காப்பாற்றிவிடாது என்பதற்கு நானே சாட்சி.

6

மலைக்குப் போனால் கதை இன்னும் சிக்கலாகிறது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 1976இல்தான் அரசு அதை முழுசாக எடுத்துக்கொண்டது. அதுவரை அங்கே இருந்த மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தார்களுக்கு வரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் இயற்றப்பட்ட தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1976இல்தான். நூறு வருசத்துக்கு மேல் பழைய சிற்பமோ, செப்போ, கைவினைப் பொருளோ நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அதை விற்க உரிமம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து வருசம். ஒரே வருசத்தில் அரசு பழைய பொருட்களுக்குக் காவலும் போட்டது, மலையில் ஒரு பழைய ஆட்சியை முடித்தும் வைத்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஒரு கேள்வி வரும்: எல்லாப் பழசும் காக்க வேண்டிய பழசுதானா?

வெள்ளிமலை பக்கம் போனால் வாசலோரத்தில் கல் உரல்களும் திருகைகளும் மழையில் நனைந்து கிடப்பதைப் பார்க்கலாம். சாமையும் தினையும் இருந்த காட்டில் மரவள்ளி வந்துவிட்டது. ரேஷன் அரிசி வந்துவிட்டது. மாவு அரைக்க மில் வந்துவிட்டது. "திருகை போச்சே" என்று நகரத்துக் கட்டுரை அழுகிறது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குகிற வேலை எப்படிப்பட்டது என்று அதைச் செய்த பெண்களிடம் கேளுங்கள், அழ மாட்டார்கள். தோளைத் தொட்டுக் காட்டுவார்கள். அவர்களுடைய திருகை இறங்கிப் போய் ஏதோ ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் செடித்தொட்டியாக உட்கார்ந்தால் அதில் அவர்களுக்கு வருத்தமில்லை. விற்ற விலையைக் கேட்டால்தான் வருத்தம் வரும்.

7

இவ்வளவும் பழசு நகரத்துக்குப் போகிற கதை. எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. புதுசு பழசாகப் போகிற கதை.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பம் செய்கிறவர்கள் நிறைய. மதுரைப் பக்கத்து அரசுகள் நலிந்தபோது பிழைப்புத் தேடி வந்த சிற்பிக் குடும்பங்களின் வழியில் வந்த கலை என்று சொல்வார்கள். வாகை, மா, வேம்பு, தேக்கு என்று மரத்துக்கு ஏற்ற உளி. 2021இல் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. மாவட்டமே 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து பிறந்தது. இரண்டு வயசு மாவட்டத்துக்குப் பல தலைமுறைக் கலையின் பெயரால் ஒரு சான்றிதழ்.

எனக்கு மாமா முறையாகும் சிற்பி ஒருவரின் பட்டறையில் சின்ன வயசில் விடுமுறை நாட்களைக் கழித்திருக்கிறேன். அவர் ஒருநாள் புத்தம் புதிய யாளி ஒன்றைத் தேயிலைத் தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியைத் தானே உளியால் தட்டி உடைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் மாமா ஒடைக்கிறீங்க?"

"மூக்கு இருந்தா புதுசு மாப்ள. ஒடைஞ்சாதான் பழசு. பழசுக்குத்தான் ரேட்டு."

எல்லாச் சிற்பிகளும் இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. செய்தவரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆர்டர் கொடுத்தவருக்கு அது புதுசு என்று தெரியும். ஏமாந்தது அதற்கு அப்புறம் வாங்கியவர். ஆனால் எனக்கு அந்த மூக்கு மறக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு கலைஞன் செதுக்கினான் என்று சொன்னால் ஒரு விலை, செத்துப்போன யாரோ செதுக்கியது என்று சொன்னால் பல மடங்கு விலை. புவிசார் குறியீடு ஊருக்குப் பெயர் கொடுக்கிறது. பழம்பொருள் சந்தை அந்தப் பெயரை அழித்தால்தான் காசு கொடுக்கிறது. அவர் செதுக்கியது நல்ல யாளி. மூக்கு உடைவதற்கு முன்பும் அது நல்ல யாளியாகத்தான் இருந்தது. நம் கட்டுரைகளின் அழகியலில் உடைவதற்கு முன்னால் இருந்த அந்த யாளிக்கு இடமே இல்லை. கைவேலையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதன் மேல் படிந்த அழுக்கைத்தான் நாம் நேசிக்கிறோம்.

8

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. சந்தை இல்லாவிட்டால் பல விஷயங்கள் அடுப்புக்கும் உலைக்கும் போயிருக்கும்.

கோட்டையூரில் 'ரோஜா ஆர்ட்ஸ்' என்று விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர் முத்தையா. பழைய புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் இதழ்களையும் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது இன்றைக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. யாரோ வேண்டாம் என்று தள்ளிய காகிதத்தை ஒருவர் வேண்டும் என்று எடுத்து வைத்ததால் நவீன தமிழ் வரலாற்றின் ஒரு பெரும்பகுதி பிழைத்தது.

இன்னொன்று எங்கள் மாவட்டத்துக் கதை. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்று மணலில் கிடைத்த சின்னச் செப்புக் காசுகள் வியாபாரிகள் கைக்குப் போயின. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படிப்பட்ட காசுகளைத் தேடி வாங்கி ஆராய்ந்து, சங்ககால மலையமான்களின் நாணயங்களை அடையாளம் காட்டினார். காசின் ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மலையும் ஆறும். காரி என்ற பெயரும் காரி என்ற குதிரையும் பாட்டில் மட்டும் இருந்த ஒரு குறுநிலத்துக்கு உள்ளங்கையில் பிடிக்கிற ஆதாரம் கிடைத்தது. அந்தக் காசுகள் எடைக்கு உருக்கப்பட்டிருந்தால்?

ஆகவே சந்தை எதிரி அல்ல. ஆனால் இந்த இரண்டு பேரும் செய்ததைக் கவனியுங்கள். முத்தையா பொருளைச் சேர்த்ததோடு தரம் பிரித்து அடுக்கினார். கிருஷ்ணமூர்த்தி ஊரையும் ஆற்றையும் எழுத்தையும் விடாமல் கேட்டார். இருவரும் 'லோடுல வந்துச்சு' என்ற பதிலோடு வீட்டுக்குப் போகவில்லை. அப்படியும் சந்தை வழி வந்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. அதோடு கூடக் கிடந்தது என்ன, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் நிரந்தரமாகப் போய்விட்டன. ஃபூட்டின் கல்லுக்கு இருந்த பாக்கியம் மலையமான் காசுக்கு இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். பக்கத்து ஊர் விருத்தாசலம். அங்கே விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் கண்ணாடி விளக்குக்குக் கீழே நின்றது. ஸ்ரீபுரந்தான் நடராசர் கான்பெராவில் நின்றார். இரண்டும் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் வழியாகப் போனவை. போனபோது அழகான மூல ஆவணங்கள் கூடவே போயின, எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் காட்டிக்கொடுத்தன. 2014இல் இரண்டும் திரும்பி வந்தன. 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து வருடச் சிறை விதித்தது. உலகத்தரமான கலைக்கூடங்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி ரொம்பச் சின்னது: யாருகிட்ட வாங்குனீங்க?

பல்லாவரத்து மரக்காலையும் கான்பெராவுக்குப் போன நடராசரையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒன்று பழைய சாமான், மற்றது குற்றம். ஆனால் இரண்டிலும் பொருளின் அழகு ஒரே வேலையைச் செய்கிறது. அது கேள்வி கேட்கிறவனின் வாயை அடைக்கிறது.

9

அப்படியென்றால் சந்தைக்குப் போகவே கூடாதா, எழுதவே கூடாதா? போகலாம், எழுதலாம். நான் தொடர்ந்து போகிறேன். விமர்சகனாக நான் கேட்பது ஒன்றுதான். பொருளைப் பெயர்ச்சொல்லாக எழுதாதீர்கள், வினைச்சொல்லாக எழுதுங்கள். மரக்கால் என்றால் யார் அளந்தார், யாருக்கு அளந்தார், தலை தட்டியா கோபுரமாகவா. யாளி என்றால் யார் செதுக்கினார், என்ன கூலி. திருகை என்றால் யாருடைய தோள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். கிடைக்காத இடத்தில் பாட்டியைக் கொண்டுவந்து உட்கார வைக்காமல் இருந்தாலே பாதி எழுத்து பிழைத்துவிடும். நம் பாட்டிகளுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருந்தது. நம் கட்டுரைகளிலும் வந்து அவர்கள் நெல் தூற்ற வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். மரக்கால் இன்னும் அங்கேதான் இருந்தது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எடுத்துக்குங்க தம்பி, கொறச்சுத் தர்றேன்."

"வேணாம்ணா. அந்த லோடு எந்த ஊருலருந்து வந்துச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். "சேலம் பக்கமாம்பா. ஆத்தூர் தாண்டி ஏதோ ஊராம். ஒரு பெரிய வூட்ட இடிச்சாங்களாம்" என்றார்.

ஆத்தூர் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம். அம்மாவிடம் சொன்னேன். "பெரிய வூட்ட இடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். குரலில் வருத்தம் இல்லை, சந்தோஷமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "அந்த மரக்காலுல எத்தினி படி புடிக்கும்னு அளந்து பாத்தியா?" என்றார்.

நான் அளந்து பார்க்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.